முடவன் முழுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் மயிலாடுதுறையில் பொழுது சற்று முன்னதாகவே விடிந்துவிடும். இருள் பிரியும் முன்பே செப்புச் சொம்பும் மாற்று வேட்டியுமாக மக்கள் துலாக்கட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கங்கை முதலான புண்ணிய நதிகள் யாவும், மக்கள் தங்களிடம் கரைத்துச் சென்ற பாவங்களைப் போக்கிக்கொள்வதற்காக, துலா மாதத்தில் இங்கே காவிரியில் வந்து நீராடுகின்றன என்பது தலபுராணம். அம்பிகை மயிலுருக் கொண்டு ஈசனை வழிபட்ட ஊர் இது. இறைவன் மாயூரநாதர், அம்பிகை அபயாம்பிகை. 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்ற முதுமொழி எழுந்ததும் இந்தப் பெருமை பற்றியே.

மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். மாயூரநாதரும், வள்ளலார் கோயில் வதான்யேசுவரரும், ஐயாறப்பரும், காசி விசுவநாதரும் காவிரிக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தம் கொடுப்பார்கள். ஆற்றின் நடுவே மண்டபத்தில் வீற்றிருக்கும் நந்தியெம்பெருமானைச் சுற்றிலும் தலைகளே தெரியும். அன்றோடு துலா நீராடல் முடிந்துவிடும். ஆனால் மறுநாள், கார்த்திகை முதல் தேதியன்று, இன்னொரு முழுக்கு உண்டு. அதற்கு 'முடவன் முழுக்கு' என்று பெயர்.

கால் ஊனமுற்ற ஒருவன் துலா நீராட விரும்பி வெகுதொலைவிலிருந்து புறப்பட்டான். தவழ்ந்தும் ஊர்ந்தும் அவன் வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் அமர்ந்து கதறினான். இறைவன் இரங்கி, "கார்த்திகை முதல் நாள் நீராடினாலும் துலா நீராடிய பலன் உண்டு" என்று அருளினார். ஊரில் வழங்கும் கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையை முப்பதாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தவர் ஒருவர் அவ்வூரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊராருக்குத் 'தமிழையா'. எட்டு வயதில் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு துலாக்கட்டத்துப் படியில் இறங்கியதிலிருந்து, அறுபது வயதுவரை ஓர் ஐப்பசியும் அவர் தவறவிட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் அவருக்குச் சிறிது பெருமையும் உண்டு. மழை, காய்ச்சல் என்று காரணம் சொல்லி நீராட வராதவர்களிடம், "மனம் இருந்தால் கால் தானாக நடக்கும்" என்று சொல்வது வழக்கம்.

அறுபத்தொன்றாம் வயதில் அந்தச் சொல் அவரிடமே திரும்பி வந்தது.

அவ்வாண்டு ஆடிப்பெருக்குக்கு வழக்கம்போல் குடும்பத்தோடு ஆற்றங்கரையில் சித்ரான்னம் உண்டு வந்தார். மறுநாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. மூன்று நாளில் தணிந்தும் விட்டன. பத்து நாள் கழித்து உள்ளங்கால்களில் எறும்பு ஊர்வதுபோல மதமதப்பு. அடுத்த நாள் திண்ணையிலிருந்து எழ முயன்றவருக்குக் கால் ஊன்றவில்லை. அதற்கடுத்த நாள் தொடைவரை வலுவிழந்தது. நான்காம் நாள் காப்பித் தம்ளரைக் கையால் பற்ற முடியவில்லை.

தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்த்தபோது மருத்துவர் அந்த நோயின் பெயரைச் சொன்னார்: கில்லன் பாரே சிண்ட்ரோம். 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்துக் கூறிய நோய் இது. ஒரு தொற்று வந்து போனபின், அதை எதிர்த்துப் போரிட்ட உடலின் காவற்படையே ஆள் தெரியாமல் நரம்புகளைத் தாக்கிவிடுகிறது. நரம்பின் மேலுறை சிதைகிறது. மூளையிலிருந்து புறப்படும் ஆணை காலுக்குச் சென்று சேர்வதில்லை. வலுவிழப்பு காலில் தொடங்கி மேலேறி, சிலருக்கு மூச்சு விடும் தசைகளையும் பற்றிவிடும்.

தமிழையாவுக்கும் பற்றியது. ஒன்பது நாட்கள் இயந்திரமே அவருக்காக மூச்சு விட்டது. ஐந்து நாட்கள் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்து இரத்தக் குழாய் வழியே ஏறியது. அவருடைய மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அமர்ந்து, திருநீற்றுப் பையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிழைத்து வந்தால் இன்னது செய்கிறேன் என்று அவர் எந்த வேண்டுதலும் செய்யவில்லை. பின்னாளில் மகள் கேட்டபோது, "பேரம் பேசுகிற நேரமா அது? கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

பத்தாம் நாள் இயந்திரம் விலக்கப்பட்டது. விநாயகர் சதுர்த்தி பொது வார்டில் வந்தது. செவிலியர் ஒருவர் சன்னலோரத்தில் உள்ளங்கையளவு களிமண் பிள்ளையாரை வைத்து, எருக்கம்பூ ஒன்றையும் சார்த்தினார். தமிழையாவுக்குக் கைகூப்ப இயலவில்லை. செவிலியரே அவருடைய இரு கைகளையும் எடுத்துச் சேர்த்துவைத்தார்.

ஐந்து வாரங்களுக்குப் பின் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார். நவராத்திரிக்கு மகள் வந்து கொலு வைத்தாள். கூடத்தில் கட்டிலைப் போட்டு அவரைக் கொலுவுக்கு எதிரே படுக்கவைத்தார்கள். வந்தவர்கள் பாடினார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டார்கள், அவரைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பு அவருக்கு நோயைவிடக் கடுமையாக இருந்தது. கொலுப்படியில் இருக்கும் பொம்மைகளைப்போலத் தம்மையும் பார்க்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னார்.

அதன்பின் ஐப்பசி பிறந்தது. அதிகாலை நடமாட்டத்தின் ஒலி கட்டிலில் கிடந்தவரின் காதில் விழுந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுப் பழக்கம் அன்று அறுந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நாள் அண்டைவீட்டு நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "கவலைப்படாதீர்கள் ஐயா. உங்களுக்காகத்தானே கார்த்திகை ஒன்றாம் தேதி இருக்கிறது. முடவன் முழுக்குக்கு நாற்காலியிலேயே தள்ளிக்கொண்டு போய்விடலாம்."

முடவன் என்ற சொல் ஈட்டிபோல் பாய்ந்தது. நண்பர் போனபின் தமிழையா நெடுநேரம் பேசவில்லை. கடைமுகத்தன்று மனைவி துலாக்கட்டத்திலிருந்து ஒரு சொம்பில் காவிரி நீர் கொண்டுவந்து, "தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்" என்றபோது, "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அம்மையார் வற்புறுத்தவில்லை. சொம்பின் வாயைத் துணியால் கட்டி, பூசையறையில் கங்கைச் சொம்புக்கு அருகே வைத்துவிட்டார்.

தினமும் பிசியோதெரபி செய்ய ஓர் இளைஞர் வருவார். கால்விரல்களை மடக்கி நீட்டுவார். முழங்காலைத் தூக்கிப் பிடிப்பார். "எப்போது நடப்பேன்?" என்று தமிழையா ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒரு நாள் அந்த இளைஞர் ஓர் அளவுகோலை எடுத்துவந்து காட்டினார். "நரம்பின் உள்ளிழையே அற்றுப்போன இடத்தில், அது மறுபடி வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஐயா. இதோ, இந்தச் சிறு கோட்டளவு. முதுகிலிருந்து பாதம்வரை அது நடந்து வர வேண்டாமா? மேலுறை மட்டும் கெட்ட இடங்கள் சீக்கிரம் சரியாகிவிடும். இதில் பெரும்பாலானவர்கள் மறுபடி நடந்துவிடுகிறார்கள். ஆனால் அவசரப்பட்டுத் தசையைக் களைப்படையச் செய்தால் இரண்டடி முன்னே, மூன்றடி பின்னே."

அந்த அளவுகோலைத் தமிழையா வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

திருக்கார்த்திகையன்று வீட்டு வாசலில் அகல்களை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தார் அம்மையார். நாற்காலியை நிலைப்படிக்கு அருகில் நகர்த்தச் சொல்லித் தமிழையா பார்த்துக்கொண்டிருந்தார். அகலொன்றை இடம் மாற்றும்போது சூடான எண்ணெய் ஒரு துளி அவருடைய வலக்காற் பெருவிரலில் விழுந்தது.

"சுடுகிறது!" என்றார்.

பதறிக் குனிந்த அம்மையார் அப்படியே நின்றுவிட்டார். நான்கு மாதங்களாக அந்தக் கால் சூட்டையும் குளிரையும் அறிந்ததில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலி என்பதை வரமாகக் கொண்டாடிய இரவு அந்த வீட்டில் அதுவாகத்தான் இருக்கும். அம்மையார் விரலில் வெண்ணெய் தடவிக்கொண்டே அழுதார்.

தை மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார். வீட்டுச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவரைச் சற்று வெளியே அழைத்துச் செல்லுமாறு மருத்துவரும் சொன்னார். முதற்பயணம் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள வைத்தீசுவரன்கோயிலுக்கு. கூட்டமில்லாத ஒரு பிற்பகலாகப் பார்த்துச் சென்றார்கள். புள்ளாகிய சடாயுவும், இருக்கு வேதமும், வேலவனும், ஊராகிய சூரியனும் வழிபட்டதால் புள்ளிருக்குவேளூர் எனப் பெயர்பெற்ற தலம். அங்கே ஈசனே வைத்தியநாதன். தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி உடன் நிற்கிறாள். தல விருட்சமோ மருந்துக்கு மருந்தான வேம்பு. திருச்சாந்துருண்டையைக் கையில் வாங்கிக்கொண்ட அம்மையாரிடம், கூட வந்த உறவினர் ஒருவர், "இனி அந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு? இதை மட்டும் நம்பினால் போதாதா?" என்றார்.

அம்மையார் அம்பிகையின் சன்னதியைப் பார்த்தபடி சொன்னார்: "மருந்தே வேண்டாம் என்றால் அவள் ஏன் தைலக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்?"

அன்று வெகுநாளைக்குப் பிறகு தமிழையா வாய்விட்டுச் சிரித்தார்.

மாசிமகக் கூட்டம் கலைந்த மறுநாள் பூம்புகாருக்குச் சென்று, காவிரி கடலில் கலக்கும் இடத்தைக் காரில் அமர்ந்தபடியே பார்த்தார்கள். குடகில் பிறந்த ஆறு ஊர் ஊராக நீரைக் கொடுத்துவிட்டு, அகலம் குறுகி, ஓசையின்றிக் கடலைச் சேர்கிறது. ஆடியில் பொங்குகிற காவிரியை மட்டுமே காவிரி என்று எண்ணியிருந்தோமே என்று அவருக்குத் தோன்றியது.

ஆனியில் மகள் தென்காசிக்கு அழைத்துக்கொண்டாள். அப்போது ஊன்றுகோலோடு இருபது முப்பது அடி நடப்பார். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. அருவியில் நிற்க அவருக்குக் காலில்லை. சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலில், தூணுக்குத் தூண் நின்று நின்று வலம் வந்தார். பிறகு சித்திரசபைக்கு அழைத்துச் சென்றார்கள். ஐந்து சபைகளுள், ஆடவல்லான் ஓவியமாகவே நின்று வழிபாடு கொள்ளும் சபை அது. அதன் எதிரே அமர்ந்து தமிழையா நெடுநேரம் அந்தத் திருவடிகளைப் பார்த்திருந்தார்.

தூக்கிய திருவடி அருள்; ஊன்றிய திருவடி மறைத்தல். சைவ சித்தாந்தம் கூறும் இந்தக் கருத்தை எத்தனையோ முறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் அவர் மனம் தூக்கிய திருவடியையே பற்றியிருந்தது. இப்போதுதான் ஊன்றிய திருவடியை உற்றுப் பார்த்தார். அருளை மறைத்து நிற்கும் அந்தக் காலும் அவனுடையதே. அதை ஊன்றாமல் மற்றொன்றைத் தூக்குவது எப்படி?

ஆவணியில் ஊர் திரும்பினார்கள். தமிழையா ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நடந்த அடிகளைக் குறித்துவந்தார். நூறு, நூற்றைம்பது, முந்நூறு. புரட்டாசி முடிவதற்குள் தெருக்கோடிவரை சென்று திரும்பினார். ஐப்பசி முழுவதும் துலாக்கட்டத்துக்கு நடந்தே செல்வதென்று முடிவுசெய்தார். பிசியோதெரபி இளைஞர், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள் ஐயா" என்றார். அம்மையாரும் சொன்னார். தமிழையா கேட்கவில்லை. ஓர் ஆண்டு தவறியதை இந்த ஆண்டில் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற வேகம்.

ஐந்து நாள் சென்றார். கரைவரை நடந்து, மேற்படியிலேயே உட்கார்ந்து நீரை மொண்டு ஊற்றிக்கொண்டார். ஆற்றில் இறங்கி முழுகுவதைக் கடைமுகத்துக்கென்று வைத்திருந்தார். ஆறாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கால்கள் ஈரமணல் மூட்டைகள்போலக் கனத்தன. நோய் திரும்பிவிட்டதோ என்று வீடு கலங்கியது. மருத்துவர் பார்த்துவிட்டு, "நோய் திரும்பவில்லை, இது களைப்பு. இந்த நோய் போனபின்னும் களைப்பு பல மாதங்கள் இருக்கும். உடல் கேட்கும் ஓய்வைக் கொடுங்கள்" என்றார். மறுபடி கட்டில். நோட்டுப் புத்தகத்தில் மறுபடி பத்து, பதினைந்து, இருபது.

கடைமுகத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. காலையில் எழுந்து நின்று பார்த்தார். வழுக்கும் படிகளில் இறங்கக்கூடிய கால்கள் அல்ல அவை என்று அவருக்கே தெரிந்தது. வாசல் நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார். மேளவோசை நெருங்கி வந்து, கரையை நோக்கித் தேய்ந்து மறைந்தது. பிற்பகல் தீர்த்தம் முடிந்து, நனைந்த ஆடைகளோடு மக்கள் திரும்பினார்கள். அவர் அங்கேயே அமர்ந்திருந்தார்.

"இந்த ஆண்டும் போயிற்று" என்றார்.

அம்மையார் அருகில் வந்து அமர்ந்தார். "நாளைக்குப் போகலாங்க" என்றார்.

நாளை என்ன நாள் என்று இருவருக்கும் தெரியும். தமிழையா பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து அம்மையாரே பேசினார்: "அவனை முடவன் என்று ஊர் சொல்கிறது. எனக்கு அவன் முடவனாகத் தோன்றவில்லை. அத்தனை பேர் பாதி வழியில் திரும்பியிருப்பார்கள். அவன் வந்து சேர்ந்தானே."

அன்றிரவு தமிழையாவுக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து கேட்டது நினைவுக்கு வந்தது. "ஐயா, அந்த ஆளுக்குக் கால் சரியாயிற்றா?" வகுப்பே சிரித்தது. "கதையில் அது இல்லை. உட்கார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்துவிட்டார்.

கதையில் அது ஏன் இல்லை? அவர் கேட்டு வளர்ந்த கதையில், முடவன் கரையில் கதறியபோது ஈசன் அவனுக்கு விரைந்தோடும் கால்களைக் கொடுக்கவில்லை. 'ஏன் தாமதம்?' என்றும் கேட்கவில்லை. முடிந்துபோன மாதத்தையே அவனுக்காக ஒரு நாள் நீட்டிவைத்தான். காலை மாற்றவில்லை, காலத்தை மாற்றினான். மெதுவாக வருகிறவனுக்காகக் காத்திருப்பதும் அருளின் ஒரு வடிவம்தான் போலும். 'மனம் இருந்தால் கால் தானாக நடக்கும்' என்று தாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம், அவர்களுள் எத்தனை பேருக்கு மனமிருந்தும் கால் இல்லாமல் இருந்திருக்கும் என்று எண்ணியபோது அவருக்குக் கண்கள் நனைந்தன. தலைமாட்டிலிருந்த அளவுகோலை இருட்டில் தடவிப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். ஊர்ந்து வந்தவனும் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருப்பான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. கடைமுகக் கூட்டம் இல்லாத, அமைதியான கரை. அங்கே வந்தவர்களை அவர் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தார். கோலூன்றிய முதியவர் ஒருவர். மகனின் தோளைப் பற்றிய பார்வையிழந்த மூதாட்டி. கைக்குழந்தையால் நேற்று வர முடியாத ஓர் இளந்தாய். வெளியூர்ப் பேருந்து தாமதமானதால் கடைமுகத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம். தாமதமாக வந்தவர்களின் திருவிழாவாக இருந்தது அது.

பழைய மாணவர்கள் இருவர் இருபுறமும் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மூன்றாம் படியில் காவிரி அவருடைய கணுக்காலைத் தொட்டது. குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை உணர முடிந்ததற்காகவே அவர் சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பின்னர் மாணவர்கள் தாங்கிக்கொள்ள, மூன்று முறை தலை முழுகினார்.

கரையேறுமுன் அம்மையார் பையிலிருந்து ஒரு சொம்பை எடுத்தார். வாயில் கட்டியிருந்த துணி மங்கியிருந்தது. சென்ற ஆண்டு அவர் மறுத்த நீர்.

"இதை என்ன செய்வது?" என்று கேட்டார் அம்மையார்.

தமிழையா தலையைக் குனிந்து காட்டினார். "இதற்குந்தான் நாள் கடக்கவில்லையே" என்றார்.

அங்கிருந்து மாயூரநாதர் சன்னதிக்குச் சென்றார்கள். அபயாம்பிகை சன்னதிக்கு அருகில், சேலை சார்த்தப்பட்ட சிவலிங்கமாக விளங்கும் அனவித்யாம்பிகையையும் வழிபட்டார்கள். நாதசர்மா என்ற அடியவரும் அவர் துணைவியாரான இந்த அம்மையாரும்கூடத் துலா நீராட வந்து, காலம் தாழ்ந்துபோய் ஈசனிடம் முறையிட்டு அருள் பெற்றவர்கள் என்று தலவரலாறு கூறுகிறது. தாமதமாக வந்தவர்களுக்கு அந்தக் கோயிலில் என்றுமே இடம் உண்டு.

தமிழையா இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். மாடிப்படி ஏற முடியாது. மாலையில் களைப்பு வந்தால் படுத்துவிடுகிறார், அதற்கு வெட்கப்படுவதில்லை. அடிகளைக் குறித்த நோட்டுப் புத்தகம் இப்போது வேறொன்றுக்குப் பயன்படுகிறது. தெருவில் நீண்டநாள் நோயாய்க் கிடப்பவர்களின் பெயர்களை அதில் எழுதிவைத்திருக்கிறார். வாரம் ஒருவர் வீட்டுக்குச் சென்று, எதுவும் உபதேசிக்காமல், சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். ஐப்பசி முழுவதும் நீராட இயலாதவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்:

"அவசரமில்லை. ஒன்றாம் தேதி நாம் சேர்ந்து போகலாம்."

நெடுநாள் நோயில் துவண்டிருக்கும் இல்லங்கள்தோறும் மாயூரநாதரும் அபயாம்பிகையும் துணைநிற்பார்களாக. ஊன்றிய திருவடியையே பார்த்துப் பார்த்துச் சோர்ந்தவர்களுக்கு, தூக்கிய திருவடியும் உரிய காலத்தில் காட்சி தருவதாகுக.